தண்ணீரை வெளியே தள்ளாத டிஷ்வாஷர்: நாலு நாள் பட்ட பாடு

வியாழக்கிழமை விடிகாலை காபி டம்ளர் எடுக்க டிஷ்வாஷர் கதவைத் திறந்தால் உள்ளே குளம். முந்தின ராத்திரி சாம்பார்ப் பாத்திரத்தின் நிறத்தில் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், அதில் இரண்டு கறிவேப்பிலை மிதக்கிறது. டிஸ்ப்ளேயில் இ24. கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன், கழிவு நீர் வெளியேறவில்லை என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். அதைத்தான் நானே பார்த்துக்கொண்டிருக்கிறேனே!

மெஷின் 2020 லாக்டவுனில் வாங்கியது. வேலைக்கு வரும் அக்கா வர முடியாமல் போன மாதங்களில், நானும் அம்மாவும் மாறி மாறிப் பாத்திரம் தேய்த்துக் களைத்துப் போய் வாங்கினோம். இட்லித் தட்டும் குக்கரும் இதில் எப்படி சுத்தமாகும் என்று முதல் மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான் இப்போது அதை ஒரு நாள் கூட விடாமல் ஓட்டுகிறார். அதனால் அன்றைக்குக் காலையிலேயே "இன்னிக்கு யாரு தேய்க்கறது?" என்ற கேள்வி வந்துவிட்டது.

முதல் வேலை, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து உருவி வைப்பது. சுவிட்ச் மட்டும் போதாது, கீழே தண்ணீரில் கை வைக்கப் போகிறோம். தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வையும் மூடினேன். கீழ்த்தட்டை வெளியே எடுத்துவிட்டுக் குவளையால் மொண்டேன், குவளை போகாத இடத்தில் ஸ்பாஞ்சை வைத்து உறிஞ்சிப் பிழிந்தேன். அரை வாளி வந்தது. ஃபில்டரைத் திருகிக் கழற்றினால் அதற்குக் கீழே இருக்கும் குழியிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அது எப்போதும் நிற்பதுதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. வாரா வாரம் கழுவுகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு. அந்தக் கர்வம் எங்கே போய் முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சர்வீஸுக்கு போன் செய்தேன். மத்தியானமே ஆள் வந்துவிட்டார், அதைப் பாராட்ட வேண்டும். மெஷினை ஓட விட்டார், கீழே காதை வைத்துக் கேட்டார், "ம்ம்ம்"னு சத்தம் மட்டும் வருது சார், தண்ணி தள்ளல, பம்ப் போச்சு என்றார். மொத்தமாகப் பத்து நிமிடம். பம்ப் 4,200 ரூபாய், பொருத்துவதற்குத் தனி, வந்து பார்த்ததற்கு 550 உடனே. பார்ட் வர நாலு நாள் ஆகும், அட்வான்ஸ் கட்டினால் ஆர்டர் போட்டுவிடலாம். எனக்கு என்னமோ மனசு ஒப்பவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஏன் ஒப்பவில்லை என்றால், அவர் ஃபில்டரைக் கூடத் திறக்கவில்லை. பம்ப் முனகுகிறது என்றால் அதற்கு மின்சாரம் போகிறது என்று மட்டும்தான் அர்த்தம். தள்ள முடியாமல் முனகுகிறதா, தள்ளத் தெரியாமல் முனகுகிறதா என்று அந்தச் சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். ஆபீசில் காரணத்தைச் சொல்லவில்லை.

எங்கள் மெஷினில் ஃபில்டர் குழிக்குள் பம்ப்பை மூடியிருக்கும் சின்ன வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்று உண்டு. ஒரு டீஸ்பூனின் காம்பை விட்டு நெம்பினால் வந்துவிடும். அதற்குப் பின்னால்தான் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சின்னச் சக்கரம். உடைந்த கண்ணாடித் துண்டு இந்த இடத்தில்தான் வந்து உட்காரும் என்பதால் வெறும் கையை விடாமல் க்ளவுஸ் போட்டுக்கொண்டு துழாவினேன். இரண்டு கடுகு, ஒரு எலுமிச்சை விதை. பம்ப்பை நிறுத்துகிற அளவுக்கு எதுவும் இல்லை.

சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் லொடலொடவென்று சும்மா சுற்றியது, அப்புறம் கடக் என்று பிடித்தது, அழுத்தினால் துள்ளித் தாண்டி அடுத்த இடத்தில் போய் மறுபடி பிடித்தது. ஐயோ, அந்த ஆள் சொன்னது சரிதான் போலிருக்கிறது, பேரிங் போய்விட்டது என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். ஆனால் இந்த வகைப் பம்ப்பின் நடுவில் இருப்பது நிரந்தரக் காந்தம், அது அப்படித்தான் துள்ளித் துள்ளிச் சுற்றும். வழவழவென்று ஃபேன் மாதிரி சுற்றினால்தான் சந்தேகப்பட வேண்டும். முதலில் லொடலொடத்ததும் வேண்டுமென்றே வைத்தது, மோட்டார் கிளம்பும்போது சுமை இல்லாமல் ஒரு கால் சுற்று ஓடி வேகம் பிடிப்பதற்கு. இந்தப் பம்ப் இடம் வலம் எந்தப் பக்கமும் கிளம்பும், எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரைத் தள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அதன் இதழ்கள் வளையாமல் நேராக இருக்கின்றன. இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது பம்ப் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

சரி, காயில், அதாவது பம்ப் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், எரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடது பக்கத் தகட்டைக் கழற்றி, பம்ப்பின் கனெக்டரை உருவி, மல்டிமீட்டரை வைத்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எப்போதோ வாங்கிப் போட்ட மஞ்சள் மீட்டர், இத்தனை வருடத்தில் அது அளந்ததெல்லாம் டிவி ரிமோட் பேட்டரிதான். 152 ஓம் காட்டியது. இந்த மாதிரி 30 வாட் பம்ப்புக்கு நூறிலிருந்து இருநூறுக்குள் இருந்தால் காயில் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். அறுந்திருந்தால் எண்ணே வராது.

பம்ப் சுற்றுகிறது, காயில் இருக்கிறது. அடுத்தது வாளி. உண்மையில் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், ஒரு கருவியும் வேண்டாம். எங்கள் மெஷினின் கழிவு ஹோஸ் சமையலறை டிராயர்களுக்குப் பின்னால் ஓடி, சுவரில் போட்ட ஓட்டை வழியாக சர்வீஸ் ஏரியாவுக்குப் போய், அங்கே வாஷிங் மெஷின் தண்ணீர் விழும் அதே பைப்பில் இறங்குகிறது. அந்த முனையை வெளியே இழுத்து வாளிக்குள் விட்டேன். கனெக்டர், மூடி, ஃபில்டர் எல்லாவற்றையும் மாட்டி, உள்ளே இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தேன், அப்படிச் செய்தால் எங்கள் மெஷின் ஒரு நிமிடம் தண்ணீரை வெளியே தள்ளும். வாளியில் கொட்டினால் மெஷின் நன்றாக இருக்கிறது, அடைப்பு வீட்டுக் குழாயில். சொட்டினால் கோளாறு பம்ப்பிலோ ஹோஸிலோ.

சொட்டியது. சின்னக் குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதிரி. "அந்தத் தம்பி சொன்னதுதானேடா" என்றார் அம்மா, வாளியைப் பிடித்துக்கொண்டு.

விடவில்லை. மறுபடி பிளக்கை உருவி, பம்ப் வாயிலிருந்து அந்த ஹோஸைக் கழற்றிவிட்டு, அங்கே மாடிச் செடிக்குத் தண்ணீர் விடும் ட்யூபில் ஓரடி வெட்டி மாட்டி, அதன் முனையை ஒரு பேசினில் வைத்தேன். பிளக்கை மாட்டி ரீசெட். தகடு திறந்திருக்கிற மெஷினுக்கு மின்சாரம் கொடுப்பது நல்ல பழக்கம் இல்லை, நான் எட்ட நின்று மரக் குச்சியால் பட்டனை அழுத்தினேன், உங்களைச் செய்யச் சொல்லவில்லை. தண்ணீர் பேசினில் அடித்த வேகத்தில் பேசின் நகர்ந்து அடுப்படி முழுக்க ஈரம். பம்ப் உயிரோடுதான் இருக்கிறது. 4,200 ரூபாய் மிச்சம் என்று அந்த நிமிடம் அறிவித்துவிட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

மிச்சம் இருப்பது ஹோஸ் மட்டும்தான். ஒரு முனை ஏற்கெனவே பம்ப்பிலிருந்து கழன்று கிடக்கிறது, இன்னொரு முனை சர்வீஸ் ஏரியாவில். அங்கே வாஷிங் மெஷின் குழாய் பக்கத்திலேயே இருப்பதால், ஒரு துண்டு ட்யூபை வைத்து ஹோஸைக் குழாயில் சொருகித் திறந்தேன். அடுப்படியில் அம்மா வாளியோடு. "வருதா?" "வருதுடா, போதும் போதும், நிறுத்து!" தங்கு தடையில்லாமல் வாளி நிறைந்துவிட்டது.

இங்கேதான் மண்டை காய்ந்தது. பம்ப்பைத் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, ஹோஸைத் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் வேலை செய்யவில்லை. திரும்ப மாட்டி ஓட விட்டேன், அதே சொட்டு. மெஷினை உள்ளே தள்ளும்போது ஹோஸ் மடிகிறதா என்று பார்க்க மெஷினை நடு அடுப்படியில் நிறுத்தி ஓட்டினேன். அதே சொட்டு. பம்ப்புக்கு ஹோஸின் நீளத்துக்குத் தள்ளும் தெம்பு இல்லையோ என்று நினைத்தேன், ஆனால் ஐந்து வருடமாகத் தள்ளியதே. சனிக்கிழமை முழுக்க நான் பாத்திரம் தேய்த்தேன், அம்மா எதுவும் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்ததே போதுமான அளவுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோற்றுப்போன மனநிலையில், சரி, கடைக்குப் போய் இதே மாதிரி ஹோஸ் கேட்டு வாங்குவோம் என்று மொத்த ஹோஸையும் உருவி சர்வீஸ் ஏரியாவுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் முன்னால் நாற்றத்தோடு நீட்ட வேண்டாம் என்று ஒருமுறை அலசப் பார்த்தேன், தரையில் சுருண்டு கிடந்ததில் கையில் கிடைத்த முனையைக் குழாயில் சொருகினேன். குழாயைத் திறந்த மூன்றாவது நொடி, சொருகிய இடம் டப் என்று பிடுங்கிக்கொண்டு தலையோடு நனைத்துவிட்டது. மறுபடி இறுக்கிச் சொருகினேன், மறுபடி டப். அந்தப் பக்க முனையில் நூல் மாதிரி ஒழுகல். முந்தாநாள் வாளி வாளியாகத் தண்ணீர் போன அதே ஹோஸ்!

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், இந்த முறை நான் சொருகியிருந்தது மெஷின் பக்க முனை.

முந்தாநாள் குழாய் எந்தப் பக்கம் வசதியாக இருந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு, ஹோஸ் நல்ல ஹோஸ் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். மெஷின் தண்ணீரைத் தள்ளுவது எதிர்ப்பக்கத்திலிருந்து. இந்தப் பக்கமிருந்து விட்டால் வழி, அந்தப் பக்கமிருந்து விட்டால் அடைப்பு என்றால் உள்ளே ஏதோ ஒன்று கதவு மாதிரி திறந்து மூடுகிறது.

ஹோஸின் நடுவில் ஒரு ஜாயிண்ட் இருந்தது. மெஷினோடு வந்த ஹோஸ் சர்வீஸ் ஏரியா வரை எட்டவில்லை என்று 2020ல் மாட்ட வந்தவர் ஒரு பிளாஸ்டிக் இணைப்பை வைத்து இன்னொரு துண்டைச் சேர்த்திருந்தார். ஹோஸின் உட்புறம் கட்டைவிரல் போகும், அந்த இணைப்பின் உட்புறத்தில் சுண்டுவிரல்தான் போகும். அது தொங்கிய இடமும் டிராயருக்குப் பின்னால் இருந்த பள்ளம், ஒவ்வொரு முறையும் கடைசித் தண்ணீர் தேங்கி ஆறும் இடம். கிளாம்பைக் கழற்ற வரவில்லை, கத்தியால் ஹோஸை நீளவாக்கில் கீறிப் பிளந்தேன்.

உள்ளே சுற்றிலும் வெளுத்த கொழுப்பு, ஃப்ரிட்ஜில் வைத்த டால்டா மாதிரி, நகத்தால் சுரண்டினால்தான் வருகிறது. அதில் புளி நார், முருங்கைக்காய்ச் சக்கை, ஒரு கறிவேப்பிலைக் காம்பு. இவை கூட ஓரத்தில்தான் ஒட்டியிருந்தன. இணைப்பின் வாயில், ஒரு பக்கம் மட்டும் கொழுப்பில் புதைந்து மற்ற இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு, நீல மை இன்னும் அழியாத முக்கோணத் துண்டு ஒன்று. பால் பாக்கெட்டை வெட்டும்போது விழும் மூலை. இந்தப் பக்கம் ஊதினேன், வாயை அடைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஊதினேன், படபடவென்று ஆடி வழி விட்டது. நாலைந்து தடவை ஊதிப் பார்த்தேன். ஒரு வால்வை யாராவது வரைந்து செய்தால் கூட இவ்வளவு சரியாக வராது.

அது எப்படி அங்கே போனது என்பதில் வீட்டில் விவாதம் நடந்தது. வெட்டிய மூலை பால் குண்டானுக்குள் விழுந்து அடியில் ஒட்டியிருக்கலாம், அதுவரை சரி. ஆனால் ஃபில்டரைத் தாண்டி இருக்கக் கூடாது. அம்மா என்னைக் கூப்பிட்டு, நான் வாரா வாரம் பெருமையாகக் கழுவி வைக்கும் ஃபில்டரைக் காட்டினார். அதில் ஓர் அம்புக்குறி இருக்கிறது, உள்ளே வைத்தபின் அம்புக்குறிகள் இரண்டும் நேருக்கு நேர் வரும்வரை திருகிப் பூட்ட வேண்டும். நான் வெறுமனே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பூட்டாத ஃபில்டர் தண்ணீர் வேகத்தில் மேலே எழும்பும், இடுக்கு வழியாக எல்லாம் கீழே போகும்.

கொழுப்புக்கு மட்டும் நான் பொறுப்பேற்கவில்லை. கரண்ட் மிச்சம் என்று அம்மா தினமும் போடுவது 45 டிகிரியில் ஓடும் குவிக் வாஷ். நெய்ச் சட்டிக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் அந்தச் சூடு பற்றாது. உருகின நெய் வெதுவெதுப்பான தண்ணீரோடு ஹோஸ் வரை போய், பள்ளத்தில் ஆறி உறைந்திருக்கிறது. இப்போது ஞாயிறு தோறும் 70 டிகிரி இன்டென்சிவ் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

சரி செய்த விதம். திரும்பவும் ஜாயிண்ட் போட எனக்கு இஷ்டமில்லை. மெஷினோடு வந்த ஹோஸ் சிங்க் வரை தாராளமாக எட்டும், சர்வீஸ் ஏரியாவுக்கு ஏன் இழுத்தார்கள் என்பதே புரியவில்லை. சிங்க் தண்ணீர் இறங்கும் வழியில் மாட்டும் பாட்டில் ட்ராப், ஹோஸை மாட்டப் பக்கவாட்டில் மூக்கு வைத்தது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, தெருமுனை பிளம்பரைக் கூப்பிட்டு சிங்குக்கு அடியில் மாற்றினேன். புதிதாக வாங்கினால் அந்த மூக்கின் துளை உள்ளே அடைத்தே இருக்கும், வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஹோஸை மாட்ட வேண்டும். பிளம்பர் அண்ணன் மாட்டியபின் நான் கேட்டேன், "அடடா" என்று கழற்றி வெட்டினார். அம்பத்தூரில் ஒரு நண்பன் வீட்டில் இதை வெட்டாமலேயே மாட்டிவிட்டு, புது மெஷின் பழுது என்று ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, ஹோஸ் மெஷினிலிருந்து நேராகக் கீழேயே போய் ட்ராப்பில் சேரக் கூடாது. முதலில் கிரானைட் மேடையின் அடிப்பாகம் வரை ஏறி, அங்கே டை போட்டுக் கட்டி, அப்புறம் இறங்க வேண்டும். இல்லையென்றால் சிங்க்கில் அடைத்துக்கொள்ளும் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வரும். நாங்கள் இருப்பது மடிப்பாக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்வீட்டில் பாத்ரூம் ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் மேலே பொங்கியதைப் பார்த்தவர்களுக்கு, குழாயில் தண்ணீர் எந்தப் பக்கமும் போகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முடிந்தது என்று நினைத்து வெறும் மெஷினை இன்டென்சிவில் போட்டேன். பத்து நிமிடத்தில் இ15. பம்ப் ஓயாமல் ஓடுகிறது, பட்டனை அணைத்தாலும் நிற்கவில்லை, பிளக்கை உருவினால்தான் நின்றது. காரணம் நான்தான், பம்ப் வாயில் கிளாம்பைக் கொஞ்சம் கோணலாக மாட்டியிருக்கிறேன், கசிந்த தண்ணீர் அடித்தட்டில் சேர்ந்துவிட்டது. அங்கே ஒரு தெர்மோகோல் மிதவை இருக்கிறது, தண்ணீரில் அது எழும்பினால் கசிவு என்று எடுத்துக்கொண்டு மெஷின் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுப் பம்ப்பை மட்டும் ஓட்டும். வீடு நனையாமல் இருக்க நல்ல ஏற்பாடு. அம்மா ஒரு பக்கம் பிடிக்க மெஷினைச் சாய்த்து, பழைய வேட்டியை உள்ளே விட்டு ஒற்றி எடுத்தோம், ஒரு மணி நேரம் டேபிள் ஃபேன் வைத்தேன். கிளாம்பை நேராக்கி, கசிகிறதா என்று அடியில் செய்தித்தாள் விரித்து மறுபடி ஓட்டினேன். பேப்பர் காய்ந்தே இருந்தது.

செலவு: ட்ராப் 380, பிளம்பர் 400, முதல் நாள் பார்த்துவிட்டுப் போனதற்கு 550. மல்டிமீட்டருக்கு உருப்படியான முதல் வேலை. திங்கட்கிழமை சர்வீஸிலிருந்து போன் வந்தது, பம்ப் ஆர்டர் போடலாமா சார் என்று. ஹோஸில் அடைப்பு என்றேன், ஓ அப்படியா சார் என்றார், அவ்வளவுதான்.

மெஷின் இப்போது தண்ணீரைத் தள்ளுகிறது. கண்ணாடி டம்ளர்களில் வெள்ளைப் படிவு மட்டும் இன்னும் போகவில்லை. கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் இறக்கியதிலிருந்து இப்படி இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க மெஷினில் போடும் டிஷ்வாஷர் உப்பு போட்டும் பலனில்லை, மெஷினில் தண்ணீரின் கடினத்தன்மையை நாம் வைத்திருக்கும் அளவு குறைவோ என்னவோ. சோதிக்கும் பட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.